கவசன் தரை இறங்கும்போது

ஜனவரி 6

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம். அம்மாவுக்குச் சளி, எனக்கு அம்மா. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே. ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரிக்கா, சரிக்கா" என்று ஆரம்பித்துவிடுவாய். எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாரப் பத்திரிகையில் 'ரிமோட்' என்ற பெயரில் ஊரில் ஓடும் தொடர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பது நான்தான் என்று உனக்குத் தெரியும். 'கவசன்' மட்டும் இத்தனை வருஷமாக என் கையில் சிக்காமல் தப்பித்து வந்தது. அதில் என் தம்பி இருக்கிறான் என்று ஆசிரியரிடம் சொல்லவும் முடியாது. முகமூடி இல்லாத காட்சிகளில் வருவது மட்டும்தான் அந்த அழகான நடிகர், முகமூடி போட்டதும் உள்ளே இருப்பது நீ என்பதை வெளியே மூச்சு விட மாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நீ. அதனால் எனக்குச் சூப்பர் ஹீரோ கதைகள் ஒத்துவராது என்று சாக்குச் சொல்லிச் சமாளித்தேன். இந்த வருஷம் அந்தச் சாக்கு எடுபடவில்லை. "ஊரே பாக்குது, நீங்க மட்டும் எழுதலன்னா நமக்குத்தான் அசிங்கம்" என்கிறார் ஆசிரியர்.

எழுதவா, வேண்டாமா? எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன். என் குணம் உனக்குத் தெரியும். உனக்கு ஆகாது என்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஏதாவது பொய் தேடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லி எழுதுவது. சின்ன வயதில் சுவரில் ஏறியதற்கு நீயும் அம்மாவும் வைத்த பெயர், இன்று வரை அதே வேலைதான். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் சளி குறைந்ததா?

தாராளமாக எழுது. தம்பி என்று பார்த்து எழுதினால் அது விமர்சனம் இல்லை, சிபாரிசுக் கடிதம்.

இங்கே எனக்குப் பெயர் கிடையாது என்று சொல்லியிருக்கிறேனா? நடிகரை 'முகம்' என்பார்கள், என்னை 'உடம்பு'. காலையில் மைக்கில் கத்துவார்கள்: "முகம் வந்தாச்சு. உடம்பு எங்கப்பா?" உடம்பு அப்போது ரப்பர் உடைக்குள் நுழைய முடியாமல் தொடையில் பவுடர் கொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் முதுகுப்பக்கம் நின்று ஜிப்பை இழுப்பார்கள். முகமூடியில் கண்ணுக்கு இரண்டு கீற்று விட்டிருக்கிறார்கள், நேரே தெரியும், தரை தெரியாது. குதிக்கும்போது தரை எங்கே இருக்கிறது என்பதைக் கால்தான் சொல்ல வேண்டும்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்கிறேன். எங்கள் சண்டைப் பயிற்சியாளர், மாஸ்டர் என்போம், அவர் வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து யோசிப்பார், அடுத்த வருஷமும் இதே உடம்பு போதுமா என்று. எனக்கு நாற்பத்து மூன்று ஆகிறது. பின்னால் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும், இதுதான் பிடித்தும் இருக்கிறது. வெளியே நான் கூன் போட்டு நடப்பேன் என்று நீயே திட்டுவாய். அந்த உடைக்குள் போனால்தான் அக்கா நான் நிமிர்கிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு. நீ வெந்நீர் குடி.

பல்லி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

இங்கே சளி அம்மாவை விட்டு எனக்கு வந்துவிட்டது. மற்றபடி குறையில்லை. அங்கே குளிர் எப்படி?

நான்கு பகுதிகள் பார்த்தாயிற்று. பத்திரிகைக்குப் போகும் முன் உனக்கு மட்டும் சொல்கிறேன்.

முதல் பகுதியில் ஊரிலுள்ள கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிடுகிறான் வில்லன். அதனால் அவனுக்கு என்ன ஆதாயம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோரும் வேலைக்குத் தாமதமாகப் போனார்கள், அவ்வளவுதான் நடந்தது. இரண்டாவதில் லிஃப்டுக்குள் ஒரு சண்டை வந்ததே, அது சண்டை! நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டும் இடத்தில் நீ ஐந்து பேரை அடிக்கிறாய், உன் முழங்கை ஒரு தடவைகூடக் கண்ணாடியில் இடிக்கவில்லை. அம்மா சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள். மூன்றாவது முழுக்க உங்கள் முகம் காதலியிடம் அழுகிறார். ஊரைக் காப்பாற்றுகிறவனுக்கு ஒரு கைக்குட்டை வாங்கிக் கொடுக்க ஆளில்லை.

நான்காவதில்தான் எனக்கு ஒன்று இடிக்கிறது. மொட்டை மாடியிலிருந்து லாரியின் மேல் குதிக்கிறாய், அங்கிருந்து தரைக்கு. குதித்ததெல்லாம் சரி. கால் ஊன்றியதும் அப்படியே நின்றுவிட்டாய். அடிக்க வந்தவனும் உனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறான், பாவம். திருப்பிப் போட்டுப் பார்த்தேன். லிஃப்டிலிருந்து வெளியே வரும்போதும் இடது காலை மெதுவாகத்தான் வைக்கிறாய்.

காலில் அடியா? மறைக்காமல் எழுது.

அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்குச் சளி என்றதும் இங்கே எனக்குத் தும்மல் வருகிறது.

கால் கல்லு மாதிரி இருக்கிறது. இந்த வருஷம் உடையின் காலணியை மாற்றிவிட்டார்கள். அடிப்பாகம் வழுக்குகிறது, அதனால் கொஞ்சம் பார்த்து வைக்க வேண்டியிருக்கிறது. வேறொன்றுமில்லை. முகமூடிக்குள் ஒரு சின்ன மின்விசிறி வைத்திருக்கிறார்கள், அது பெரிய சௌகரியம். முன்பெல்லாம் வியர்வை கண்ணில் இறங்கி, எதிராளி யார், மாஸ்டர் யார் என்று தெரியாமல் அடித்த நாளும் உண்டு.

கைக்குட்டை விஷயத்தை இங்கே சொன்னேன். முகமே விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர்.

லாரிக் காட்சியை வேறு யாராவது கவனித்துச் சொன்னார்களா? சும்மாதான் கேட்டேன்.

அம்மா எப்படி?

பல்லி


மார்ச் 1

தம்பிக்கு,

எனக்குச் சளி போய்விட்டது. அம்மா உன்னைக் கேட்கிறாள். சுகமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கம் வெளிவந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். லிஃப்ட் சண்டையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறேன், அந்தக் கடிகார வில்லனை ஒரு வழி பண்ணியிருக்கிறேன். கடைசிப் பத்தியை நீ வேறு யார் வாயிலிருந்தும் கேட்க வேண்டாம் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்:

"கவசன் தரை இறங்கும்போது ஒரு நொடி யோசிக்கிறான். காப்பாற்றுகிறவன் யோசிக்கக் கூடாது என்றில்லை. ஆனால் போன வருஷம் அவன் யோசித்ததில்லை. அவன் கால் இப்போது தரையை நம்ப மறுக்கிறது."

இயக்குநரைத்தான் சொன்னேன், உன்னை இல்லை என்று மழுப்பலாமா என்று பார்த்தேன். மனம் வரவில்லை. உன்னைத்தான் சொன்னேன். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. நீ வாயைத் திறந்து கேட்க மாட்டாய். பத்திரிகையில் வந்தால்தான் உங்கள் கம்பெனிக்காரர்கள் அந்த வழுக்குக் காலணியைத் தூக்கிப் போட்டுவிட்டு நல்லதாக ஒன்று தருவார்கள். ஆசிரியர் அந்தப் பத்தியை மிகவும் மெச்சினார். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

என்ன சொன்னார்கள் என்று எழுது.

அக்கா


மார்ச் 29

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கே எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நீ எழுதவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. "வேலை அதிகம்" என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதை அம்மாவிடம் காட்டினேன். "இது அவன் பேசற மாதிரியே இல்லையே" என்றாள். இரண்டு வார்த்தையில் எந்த மாதிரி பேச முடியும்?

கோபம் என்றால் கோபம் என்று எழுது. திட்டு. நான் உன்னைத் திட்டாத திட்டா?

உங்கள் கதாசிரியருக்கு என்ன ஆயிற்று? கவசன் இப்போது கவசமே போடுவதில்லை. 'தன்னைத் தேடுகிறான்' என்று ஒரு மலையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். கீழே ஊர் பற்றி எரிகிறது, இவர் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகத்துக்குத் தாடி வேறு ஒட்டியிருக்கிறார்கள். இந்த வாரம் நான் கடுகடுவென்று எழுதியிருக்கிறேன், "மலையை விட்டு இறங்கு மகராசா" என்று.

அம்மா வெள்ளிக்கிழமை டிவி முன்னால் உட்கார்ந்து, நீ வருவாய் வருவாய் என்று பார்த்துவிட்டு, விளம்பரம் வந்ததும் எழுந்து போய்விடுகிறாள்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன. தங்கியிருந்த அறையை மாற்றிக்கொண்டேன், அதனால் தாமதம். இப்போது கீழ்த்தளத்தில் இருக்கிறேன். சன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்தும் இடம். சத்தம் இருக்கும், பழகிவிட்டது.

கோபமெல்லாம் இல்லை. உன்மேல் எனக்கு என்ன கோபம்? எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, படுத்துக்கொண்டே எழுதுகிறேன். மலைக் காட்சிகளுக்கு உடம்பு வேண்டியிருக்கவில்லை. ஓய்வாக இருந்தேன். நிறையத் தூங்கினேன்.

நீ எழுதியதை இங்கே எல்லோரும் படித்தார்கள். மாற்ற வேண்டியதை மாற்றிவிட்டார்கள். அதைப் பற்றிக் கவலைப்படாதே.

கவசன் இந்த மாதக் கடைசியில் கவசத்தோடு திரும்ப வருகிறான். நன்றாகப் பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது. இந்த முறை எதையும் விடாமல் எழுது.

அம்மா மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

பல்லி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

அட, என் தங்கமே! சுகமா என்று கேட்கவே தேவையில்லை, கண்ணால் பார்த்துவிட்டேன்.

எங்கிருந்து ஆரம்பிக்க? பாலத்தின் மேல் பேருந்து தொங்குகிறது. கவசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சறுக்கி வருகிறான், பேருந்தின் கூரையில் ஒரு கால், தடுப்புச் சுவரில் ஒரு கால், அப்புறம் தரை. தரையைத் தொட்டதும் தெரியாது, ஓட ஆரம்பித்ததும் தெரியாது. இரண்டும் ஒன்றாகவே நடந்துவிட்டது. நான் வாய்விட்டுக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

பத்திரிகையில் எழுதிவிட்டேன்: "கவசன் மறுபடி பிறந்து வந்திருக்கிறான். இருபது வயது குறைந்திருக்கிறது." பார்த்தாயா, ஒரு காலணியை மாற்றினால் என்ன நடக்கிறதென்று! இதை அன்றே வாயைத் திறந்து கேட்டிருந்தால் நானும் உன்னைத் திட்டியிருக்க வேண்டாம்.

அம்மாவை நீதான் திருத்த வேண்டும். நான் கத்திக்கொண்டிருக்கும்போது அவள் பாட்டுக்குப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். "என்னம்மா, உன் பிள்ளை பறக்கிறான், கை தட்டாமல் இருக்கிறாய்?" என்றேன். "இது அவன் இல்லடி" என்றாள். முகமூடி போட்டவனை எப்படித் தெரியும் என்று கேட்டால், "அது எனக்குத் தெரியும்" என்கிறாள். கண்ணாடியை மாற்ற வேண்டும். வரும் வாரம் கண் மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன்.

தம்பி, எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருக்கிறது. அந்த மார்ச் மாதப் பத்தி ஒரு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது போய்விட்டது.

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில், நம் வீட்டுப் பேச்சு வரும் இடங்களை மட்டும் விட்டுவிட்டு, எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பத்திரிகைப் பக்கத்தையும் சுற்றுக்கு விட்டேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். அவர் ஆட்டினால் பெரிய விஷயம். ஒருவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நீ ஒன்றைக் கவனிக்கவில்லை. சுவரிலிருந்து தரைக்கு வரும்போது தாடை மேலே தூக்கியிருந்தது. இன்னும் உள்ளே இழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் பல் போகும். அடுத்த பகுதிகளில் சரியாகிவிடும். சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவோடு வாதாடாதே. கண்ணாடியும் மாற்ற வேண்டாம்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வேலை இருக்கிறது.

பல்லி


மே 24

தம்பிக்கு,

அம்மா சுகமாக இருக்கிறாள். கண் மருத்துவர் பார்த்துவிட்டு, பார்வை சரியாகத்தான் இருக்கிறது, அதே கண்ணாடி போதும் என்று அனுப்பிவிட்டார். நான் சுகமாக இல்லை.

எங்கள் புகைப்படக்காரர் உங்கள் படப்பிடிப்புக்கு வந்திருந்தாரே, அவர் எடுத்த படங்களை ஆசிரியரின் மேஜையில் பரப்பி வைத்திருந்தார்கள். அட்டைக்கு எது நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவற்றில் ஒன்று, அச்சிடக் கூடாது என்று உங்கள் கம்பெனி குறித்து அனுப்பியது: கவசன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிறான். அது யாரோ ஒரு இளைஞன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவனுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஒருவர், இடது காலை நீட்டி ஒரு பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஊன்றுகோல் சாத்தி, அந்த இளைஞனைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் படத்தை வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். "நான் சொன்னேனே" என்று சொல்லவில்லை. "ரொம்ப வலிக்குதாமா?" என்றுதான் கேட்டாள். அதை நீதான் எழுத வேண்டும்.

நான் உன் கூடப் பிறந்தவள். உன் நடையை இருட்டில் பார்த்தாலும் கண்டுபிடிப்பேன் என்று இத்தனை நாள் இறுமாப்போடு இருந்தவள். யாரோ ஒரு பிள்ளை குதித்ததைப் பார்த்துவிட்டு உன்னைப் பாராட்டி உனக்கே கடிதம் எழுதியிருக்கிறேன், இருபது வயது குறைந்தது என்று வேறு. அதை நீ எல்லோர் முன்னாலும் படித்திருக்கிறாய். உனக்கு எப்படி மனம் வந்தது?

ஒன்றைக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல். என் பத்தியால்தானா? நான் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் அந்த உடைக்குள் இன்றைக்கும் நீ இருந்திருப்பாயா?

நீ என்ன சொன்னாலும் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அடுத்த இதழில் அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுகிறேன். உன்னைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன், உன் கையெழுத்துக்குப் பங்கம் வராது. 'மார்ச் மாதம் எழுதியது தவறு, கவசன் எப்போதும்போல்தான் இறங்கினான், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை' என்று நான்கு வரி. ஆசிரியர் முறைப்பார், முறைக்கட்டும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.

அக்கா


ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவிடம் சொல், இப்போது அவ்வளவாக வலி இல்லை. மாடிப்படிதான் ஏற முடியவில்லை. அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பில் வருகிறேன். கீழே அம்மாவின் அறையில் எனக்கும் ஒரு படுக்கை போட்டு வை.

நேராகக் கேட்டாய், நேராகச் சொல்கிறேன். ஆமாம், உன் பத்தியால்தான். மாஸ்டர் அதை எல்லோர் முன்னாலும் படித்தார். படித்து முடித்துவிட்டு, "குதிச்சுக் காட்டு" என்றார். காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு குதித்தேன். கீழே போனவன் எழுந்திருக்கவில்லை. மருத்துவர், முழங்கால் சவ்வு போன வருஷமே கிழிந்திருக்கிறது, இதை வைத்துக்கொண்டு எப்படி நடந்தீர்கள் என்று கேட்டார். காலணி வழுக்குகிறது என்று உன்னிடம் பொய் சொன்னவன் நான். அந்தப் பொய்யை நம்பித்தானே நீ பத்திரிகையில் எழுதினாய். எழுதாமல் இருந்திருந்தால் நான் இன்னும் உள்ளேதான் இருப்பேன். வேறு மாதிரி சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியவில்லை அக்கா. உடை போனது எனக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. காலையில் மைக்கில் "உடம்பு எங்கப்பா?" என்று கேட்கும்போது பாதி எழுந்துவிடுகிறேன்.

இப்போது புதியவனுக்கு விழக் கற்றுக்கொடுக்கிறேன். அவனுக்குத்தான் கண் கலங்கியது. அந்தக் கடிதத்தில் பாலத்துக் காட்சியைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்டி எடுத்து, அவனிடமே கொடுத்துவிட்டேன். நீ பார்த்தது அவனை, பாராட்டும் அவனுடையது. அதனால்தான் எனக்குப் படிக்க மனம் வந்தது.

ஆனால் மார்ச் மாதப் பத்தியைத் திரும்பப் பெறாதே. ஒன்பது வருஷம் நான் குதித்திருக்கிறேன். ஒவ்வொரு குதிப்புக்கும் பாராட்டு வந்தது, எல்லாம் முகத்துக்கு. நடிகர் எப்படிப் பாய்கிறார், நடிகரின் கால் வேகம் என்று. விருதுகூட வாங்கினார், வாங்கிவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த உடைக்குள் இருந்தவன் என்ன செய்தான் என்று பார்த்து, பார்த்ததை அப்படியே எழுதி, அச்சில் வந்தது அந்த நான்கு வரிதான். அதில் இருப்பது முகம் இல்லை, நான்.

அதை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கென்று வந்தது அது ஒன்றுதான். அது தவறு என்று எழுதிவிடாதே.

பல்லி